நூறு வீட்டுத் துணி

(கைத்தொழில் ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தத்தெடுக்கப்படும் குழந்தைக்காகத் தைக்கிற ஒட்டுத்துணிப் போர்வை. இதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். அழைப்பிதழைப் பார்த்த ஒரு நண்பர், "இதில் பேச என்ன இருக்கிறது? துணியை வெட்டு, தை, குழந்தைக்குப் போர்த்து, முடிந்தது" என்றார். அவர் சொன்னதில் மூன்றாவது காரியத்தைக் கைக்குழந்தைக்குச் செய்யவே கூடாது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதல் இரண்டும்கூட அவர் நினைத்த மாதிரி அவ்வளவு சுலபமில்லை. யார் வீட்டுத் துணியை வெட்டுவது என்று ஒரு கேள்வி இருக்கிறது. என் பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

வட சீனத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. குழந்தை பிறந்த வீட்டார் உறவிலும் அக்கம்பக்கத்திலும் ஆளுக்கொரு துண்டுத் துணி கேட்டு வாங்குவார்கள். அவற்றை ஒட்டித் தைத்துப் போர்வையாக்குவார்கள். பை ஜியா பெய் என்று அதற்குப் பெயர், நூறு குடும்பத்துப் போர்வை. சட்டையாகத் தைப்பதும் உண்டு. நூறு என்பது எண்ணிப் பார்த்த நூறு இல்லை, நிறைய வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வீட்டுத் துணியைப் போர்த்திய பிள்ளை நூறு வீட்டுக்கும் பிள்ளை. அத்தனை வீட்டுக் காவலும் அதற்கு உண்டு, கெட்டது எதுவும் கிட்டே வர யோசிக்கும் என்பது நம்பிக்கை.

நமக்கும் இது புரியாத சங்கதி இல்லை. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். பிச்சை, பிச்சையம்மாள் என்றும் வைப்பார்கள். 'இது எங்கள் பிள்ளை இல்லை' என்று எமனிடம் பொய் சொல்லத்தான் இத்தனை ஏற்பாடும். பிற்பாடு அந்தத் தவிடு கேலியாகிவிட்டது. அண்ணன் தங்கையைப் பார்த்து "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்பான், அவள் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடுவாள், வீடே சிரிக்கும். உண்மையாகவே தத்தெடுத்த குழந்தை உள்ள வீட்டில் இந்தக் கேலி எப்படி விழும் என்று நாம் யோசிப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர்கள் அதைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகலாம்.

போர்வைக்கு வருவோம். இந்தச் சீன வழக்கம் தத்தெடுப்போடு சேர்ந்துகொண்டது சீனாவில் இல்லை, அமெரிக்காவில். 1980ஐ ஒட்டி ஒரே குழந்தைக் கொள்கை சீனாவில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது பிறந்தால் அபராதம், வேலைக்கு ஆபத்து. ஆனால் கிராமத்தில் ஆண் வாரிசு இல்லாமல் முடியாது. இந்த இரண்டு பக்க நெருக்குதலில் பெண் குழந்தைகள் சந்தையிலும் ரயில் நிலையத்திலும் காப்பக வாசலிலும் விடப்பட்டார்கள். குழந்தையை அப்படி விட்டுவிட்டுப் போவதும் சட்டப்படி குற்றம் என்பதால் விட்டவர்கள் பெயர் சொல்லவில்லை. 1992 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தத்தெடுப்புச் சட்டம் அயல்நாட்டாருக்கும் கதவைத் திறந்தது. 2005ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 7,900 குழந்தைகள் அமெரிக்கா போனார்கள். 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவுக்குள் நடப்பதைத் தவிர மற்ற அயல்நாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவிட்டதாகச் சீன அரசு சொன்னது. அதற்குள் 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடு போயிருந்தார்கள், அவர்களில் பாதிப்பேர் அமெரிக்காவுக்கு.

கருவுற்ற பெண்ணுக்கு வயிறு வளர்வது தெரியும். ஊரும் பார்க்கும், வழிவிடும், வளைகாப்புப் போடும். ஒரு கோப்பு அலுவலகம் அலுவலகமாக நகர்வதற்குக் காத்திருக்கிறவளுக்கு வெளியே தெரிகிற அடையாளம் ஒன்றும் கிடையாது. சீனத் தத்தெடுப்பில் அந்தக் காத்திருப்பு ஆரம்பத்தில் மாதக் கணக்கு. 2006க்குப் பிறகு அது நீண்டுகொண்டே போய் ஐந்தாறு வருஷத்தைத் தொட்டது. கைக்கு ஒரு வேலை வேண்டும், நாலு பேரிடம் சொல்ல ஒரு சாக்கும் வேண்டும். நூறு குடும்பத்துப் போர்வை அந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது.

நண்பர்களுக்கும் உறவினருக்கும் கடிதம் போகும். எட்டு அங்குலச் சதுரமாக ஒரு பருத்தித் துணி அனுப்புங்கள், கூடவே ஓர் அட்டை அனுப்புங்கள், அட்டையில் அதே துணியிலிருந்து கத்தரித்த சின்னத் துண்டை ஒட்டி, குழந்தைக்கு ஒரு வாழ்த்து எழுதுங்கள் என்று. வந்த சதுரங்கள் போர்வையாகும், அட்டைகள் ஆல்பமாகும். இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது குழந்தை போர்வையில் ஒரு மீன் படத்தைக் காட்டி "இது யார் கொடுத்தது?" என்று கேட்டால், ஆல்பத்தைப் புரட்டி மீனைக் கண்டுபிடித்து, பாட்டியின் தோழி கொடுத்தது என்று சொல்லலாம். காத்திருக்கும் குடும்பங்கள் ஒன்றையொன்று பார்க்காமலேயே தங்களுக்குள் சதுரங்களை மாற்றிக்கொண்டன. ஒரு குழந்தையின் போர்வையில் வேறு ஊரில் வளரப்போகும் இன்னொரு குழந்தையின் துணி இருக்கும். எனக்கு இந்த வழக்கத்தில் மிகவும் பிடித்தது இந்தப் பரிமாற்றம்தான். சீனத்து அக்கம்பக்கம் என்ன செய்ததோ அதை இவர்கள் தபாலில் செய்தார்கள்.

துணியின் ஒரு துண்டைத் தாளில் இணைத்து, அதோடு ஒரு குழந்தையைச் சேர்த்து எழுதி வைக்கும் இந்த ஏற்பாட்டை, இதற்கு இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் லண்டன் செய்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும்.

தாமஸ் கோரம் என்பவர் கப்பல் தலைவர். கடலை விட்டு வந்து லண்டனில் இருந்த காலத்தில், தெருவோரம் போடப்பட்டுச் சாகும் குழந்தைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல், பதினேழு ஆண்டு பெரிய மனிதர்களின் வாசல்களில் ஏறி இறங்கி, 1739இல் அவர்களுக்காக ஓர் இல்லம் நடத்த அரச சாசனம் வாங்கினார். 1741 மார்ச் 25 இரவு ஃபவுண்ட்லிங் என்ற அந்த இல்லம் முதல் குழந்தைகளை ஏற்றுக்கொண்டது. வந்தவர்கள் அதிகம், இடம் கொஞ்சம். ஆகவே அடுத்த வருஷத்திலிருந்து தாய்மார்கள் ஒரு பைக்குள் கைவிட்டுப் பந்து எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். வெள்ளை வந்தால் குழந்தைக்கு இடம், கறுப்பு வந்தால் திரும்பிப் போக வேண்டும், சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். 1756 முதல் 1760 வரை நாடாளுமன்றம் பணம் தந்தது. கொண்டுவரும் எந்தக் குழந்தையையும் மறுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தந்தது. அந்த நான்கு ஆண்டில் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

குழந்தையை வாங்கும்போது எழுத்தர் ஓர் அச்சிட்ட படிவத்தை நிரப்புவார். தொப்பி, கவுன், சட்டைக்கைகள், போர்வை, காலுறை, உடம்பில் உள்ள அடையாளம் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும். தாயின் பெயருக்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. குழந்தைக்கும் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். பின்னால் ஒருநாள் தாய் திரும்பி வந்து என் பிள்ளையைக் கொடு என்றால், எந்தப் பிள்ளை என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் துணி. குழந்தையின் கவுனிலிருந்தோ தாய் கொண்டுவந்ததிலிருந்தோ ஒரு துண்டைக் கத்தரித்துப் படிவத்தில் குண்டூசியால் குத்தி வைப்பார்கள். அந்தப் படிவங்களைத் தொகுத்துப் பெரிய பெரிய நூல்களாகக் கட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 5,000 துணித் துண்டுகள் இன்றும் அவற்றில் இருக்கின்றன. 2010இல் ஜான் ஸ்டைல்ஸ் என்ற வரலாற்றாசிரியர் அவற்றில் சிலவற்றை லண்டனில் காட்சிக்கு வைத்தபிறகுதான் உலகம் கவனித்தது. பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டனில் சாதாரண ஜனங்கள் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய தொகுப்பு கிடையாது. ராஜா ராணி உடைகளை யாரும் பத்திரப்படுத்துவார்கள். ஏழைத் தாயின் கவுன் கிழிந்து கந்தையாகித்தான் போகும். பிள்ளையைப் பிரிந்ததால் மட்டும் அது தப்பியிருக்கிறது.

அந்தத் துண்டுகளில் பூப்போட்டவை ஏராளம். நம் கரைக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிக்கு இங்கிலாந்தில் அப்படி ஒரு மோகம் கிளம்பி, உள்ளூர் நெசவாளர்கள் கலகம் செய்து, 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை விற்கவும் உடுத்தவும் கூடாது என்று சட்டமே வந்தது. அந்தத் தடை 1774 வரை நீடித்தது. ஆனால் பூவின் மேலிருந்த ஆசையைச் சட்டம் என்ன செய்யும்? லண்டன் அச்சுக்காரர்கள் ஆளிச்செடி நாரில் நெய்த லினனிலும், லினன் கலந்த பருத்தியிலும் நம் சீட்டியின் கொடியையும் பூவையும் பார்த்துப் பார்த்து அச்சடித்தார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போன பெண்கள் உடுத்தியிருந்தது அந்தப் பூக்களைத்தான்.

ஒரே ஒரு துண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1767 பிப்ரவரி 11 அன்று சார்லஸ் என்ற ஆண் குழந்தையைச் சேர்த்தார்கள். தாய் சேரா பெண்டர். அவள் கொண்டுவந்தது ஒட்டுத்துணி வேலை, சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்துத் தைத்தது. நடுவில் சிவப்பு நூலில் ஓர் இதயம், மேலே அவள் பெயரின் முதலெழுத்துகள். அதை அவள் சரிபாதியாக வெட்டினாள், இதயமும் இரண்டாகும்படி. ஒரு பாதி படிவத்துக்குப் போயிற்று, மறுபாதி அவளிடம் இருந்தது. இல்லத்தில் பையனுக்கு பெஞ்சமின் ட்வர்ல் என்று பெயர் வைத்தார்கள். எட்டு வருஷம் கழித்து, 1775 ஜூன் 10 அன்று, அவள் திரும்ப வந்து மகனை அழைத்துப் போனாள். இது எவ்வளவு அபூர்வம் என்று தெரிய ஒரு கணக்கு சொல்கிறேன். 1741க்கும் 1760க்கும் இடையில் சேர்ந்த 16,282 குழந்தைகளில் தாய் தகப்பன் திரும்ப வந்து வாங்கிக்கொண்டது 152 பேரை. மற்றவர்கள் வைத்திருந்த பாதிகள் என்ன ஆயின என்று யாருக்குத் தெரியும்!

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். லண்டன் தாளில் குத்தியிருப்பது பெற்றவளின் துணி. ஊரில் வேறு யாருடைய துணியும் அதில் இல்லை. அமெரிக்க ஆல்பத்தில் பாட்டி, அத்தை, அலுவலகத் தோழி, தெருமுனைக் கடைக்காரர் என்று நூறு பேர் துணி இருக்கிறது. பெற்றவளுடையது மட்டும் இல்லை.

இதைச் சொன்னால் போர்வை தைத்தவர்களைக் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. பெயர் சொல்லாமல் போனவளிடம் துணி கேட்க வழி ஏது? ஆனால் நூறு துண்டு சேர்ந்துவிட்டால் ஓர் ஆபத்து இருக்கிறது. சதுரம் சதுரமாக எல்லாம் நிரம்பிவிட்டதால், குழந்தையின் கதையே அந்தக் கடிதத்தில் தொடங்கியதாக நமக்குத் தோன்ற ஆரம்பித்துவிடும். சிலர் அதோடு நிற்காமல், ரயில் நிலையத்தில் கண்டெடுத்த கதையையும் எழுத்தாகப் பின்னிவிடுவார்கள். சீனக் காப்பகங்களின் கோப்பில் இருந்த அந்தக் கதைகள் எல்லாமே நடந்தவை அல்ல. 2005இல் ஹூனான் மாகாணத்தில் குழந்தைகளைக் கடத்திக் காப்பகங்களுக்கு விற்ற கும்பல் ஒன்று பிடிபட்டது. அதே மாகாணத்தில் குடும்பக்கட்டுப்பாட்டு அதிகாரிகளே பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பறித்துக் காப்பகத்தில் சேர்த்த செய்தி 2011இல் வெளிவந்தது. கைவிட்டார்கள் என்று போர்வையில் பின்னியிருக்கும், பெற்றவர்கள் அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே உறுதியாகத் தெரியாததைத் துணியில் எழுதாதீர்கள். தாளில் எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

நம் நாட்டு நிலைமை வேறு, ஆனால் கேள்வி அதேதான். இங்கே 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் நடக்கும் தத்தெடுப்பில், குழந்தையை முறைப்படி ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அவளைப் பற்றிய விவரங்கள் கோப்பில் ரகசியமாக இருக்கும். தத்துப்பிள்ளை 18 வயது முடிந்தபின் தன் வேரைத் தேடி விண்ணப்பிக்கலாம். தாயின் விருப்பத்தையும் அந்தரங்கத்தையும் மீறி எதையும் தர மாட்டார்கள். காத்திருப்பும் இங்கே விசித்திரமாக இருக்கும். பதிவு செய்துவிட்டு வருஷக் கணக்கில் இருப்போம். திடீரென்று ஒருநாள் ஒரு குழந்தையின் விவரம் வரும், 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், பிறகு சில வாரங்களில் குழந்தை வீட்டுக்கு வந்துவிடும். போர்வையை அந்தச் சில வாரத்தில் தைக்க முடியாது. முன்னாலேயே முழுக்கத் தைத்து முடிப்பதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

என் தங்கை மகள் தத்தெடுத்தபோது நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்கர் கணக்குப்படி எட்டங்குலச் சதுரம் நூறு சேர்த்தால் பெரியவர் கட்டிலுக்கு ஆகும். குழந்தைக்கு நாலரை அங்குலச் சதுரம் போதும். தையலுக்கு நாலு பக்கமும் கால் அங்குலம் போனால் நாலு அங்குலம் நிற்கும். பத்துக்குப் பத்து வைத்தால் நாற்பது அங்குலப் போர்வை. கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான். அரை நூல் கூடினால் என்ன என்று கேட்பார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஒரு இணைப்பில் இரண்டு பக்கமும் அரை நூல் கூடினால் ஒரு நூல் போயிற்று. பத்துச் சதுரத்துக்கு ஒன்பது இணைப்பு, ஒன்பது நூல், அங்குலத்துக்கு மேல். ஒரு வரிசை இப்படி, அடுத்த வரிசை ஒழுங்காக என்றால் மூலைகள் ஒன்றோடொன்று சந்திக்கவே சந்திக்காது. ஆகவே அட்டையில் ஓர் அளவுச் சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு, தையல் கோட்டையும் பென்சிலால் போட்டுவிடுங்கள்.

துணி கேட்டு எழுதியபோது ஒரு சிக்கல் வந்தது. நம் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் கல்யாணப் பட்டிலிருந்து ஒரு துண்டு தரத்தான் ஆசை. சரிகை குழந்தையின் தோலைக் கீறும், பட்டை வாரத்துக்கு இரண்டு தடவை துவைக்க முடியாது. மறுக்கவும் முடியாது, பெரிய சித்தி கோபித்துக்கொள்வார். பட்டை எல்லாம் ஆல்பத்தில் ஒட்டினோம், போர்வைக்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி மட்டும். மணி, பொத்தான், ஜிகினா எதுவும் கிடையாது, குழந்தை வாயில் போட்டுவிடும். ஒவ்வொரு துண்டையும் தனியாக நனைத்து வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தோம். சாயம் போகும் துணியைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் நின்றுவிடும் என்பது வீட்டுப் பழக்கம், இன்றைய சாயங்கள் பலவற்றிடம் அது பலிப்பதில்லை. 1958இல் மெட்ராஸ் கட்டத் துணி அமெரிக்கா போய், துவைக்கத் துவைக்கச் சாயம் போகிறது என்று புகார் கிளம்பியபோது, அதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்ற கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். போர்வையில் அந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லாது. பக்கத்துச் சதுரம் சிவந்துவிடும்.

உள்ளே பஞ்சு வைக்கவில்லை. நம் ஊர் வெக்கைக்கு அது தண்டனை. வங்காளத்தில் காந்தா என்று பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையலிலேயே இணைப்பார்கள், கைக்குழந்தைக்கு அதுதான் முதல் விரிப்பு. வட கர்நாடகத்தில் கௌதி. உத்தர கன்னடக் காட்டோரத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியை ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியில் ஒரு பூ வைக்காவிட்டால் அது முடிந்ததாகவே கணக்கில்லை. நாங்கள் மேலே சதுரங்கள், நடுவிலும் அடியிலும் என் வீட்டுக்காரரின் பழைய எட்டு முழ வேட்டிகள் என்று மூன்று அடுக்கில் வைத்தோம். காந்தா தையல், கை நிறைய நூல், அவ்வளவுதான்.

நடுவில் நாலு சதுரத்தைத் தைக்காமல் விட்டோம். குழந்தை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

வந்தாள். காப்பகத்தில் போட்டுவிட்ட இளநீலக் கவுனோடு, ஒன்பது மாதக் குழந்தை. என் தங்கை கவுனைக் கழற்றிய கையோடு, "முதல்ல இதை வெந்நீர்ல போட்டு ஊற வை" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லித் தடுத்தேன். அத்தனை புது முகம், புதுக் குரல், புதுச் சமையல் வாசனைக்கு நடுவில் அவளுக்குத் தெரிந்த ஒரே வாசனை அந்தக் கவுனில்தான் இருந்தது. நாலைந்து நாள் தூளிக்குப் பக்கத்தில் கிடந்தது. அப்புறம் துவைத்தோம். போர்வைக்காக நான் கத்தரியை எடுத்தபோது தங்கை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, இதைப் போய் வெட்டணுமா? இவ கொண்டுவந்தது இது ஒண்ணுதான்."

"கவுனை வெட்டல. கீழ்மடிப்பைப் பிரிக்கறேன், பாரு."

குழந்தைக் கவுனுக்குக் கீழே ஒன்றரை அங்குலமாவது உள்மடிப்பு விட்டிருப்பார்கள், வளர்ந்தால் பிரித்து விடுவதற்கு. அதைப் பிரித்ததும் உள்ளே இருந்த நீலம் வேறாக இருந்தது. வெளியே வெயிலும் சோப்பும் பட்டு வெளுத்துப் போயிருந்தது. மடிப்புக்குள் கடையில் வாங்கிய அன்றைய நிறம். அந்த ஓரத்தை நீளமாக எடுத்துக்கொண்டு, கவுனுக்குப் புதிதாகச் சின்ன மடிப்பு வைத்து எம்மிங் போட்டுக் கொடுத்துவிட்டேன். கவுன் முழுசாக இருக்கிறது.

"ஆனா பெரியம்மா, அங்க எல்லாப் பிள்ளைக்கும் இதே கவுன்தான். இவளுக்குன்னு எடுத்ததில்ல."

"இருக்கட்டும். இவ போட்டிருந்தா இல்ல?"

நீளவாக்கில் கிடைத்த துணி ஆனதால் ஒரே சதுரமாக வைக்க முடியவில்லை. பட்டை பட்டையாக வெட்டி, வேட்டித் துணியோடு மாற்றி மாற்றி வைத்து நாலு சதுரத்தையும் முடித்தோம். மூன்று சதுரத்தில் நீலம் இருக்கிறது. நாலாவதில் வெறும் வேட்டித் துணிதான், வெள்ளை. அது பெற்றவளுக்கு. அவளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது எதுவும் இல்லை, ஆகவே அதன்மேல் பூவோ இதயமோ எதுவும் பின்னவில்லை. பின்னலாமே என்று என் தங்கை இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டாள். பின்னுவதானால் பிள்ளை பெரியவளாகித் தானே தெரிந்துகொண்டு பின்னட்டும் என்பது என் கட்சி. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

அடிப்பக்க மூலையில் ஒரு பட்டித் துணி. காப்பகம் இருந்த ஊர், வீட்டுக்கு வந்த தேதி, காப்பகத்தில் அவளைக் கூப்பிட்ட பெயர், நாங்கள் வைத்த பெயர். சாயம் போகாத பேனா என்று கடையில் விற்பதை நம்பாமல் நூலாலேயே பின்னினோம். காப்பகத்துப் பெயரை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. ஒன்பது மாதம் அந்தப் பெயருக்குத்தான் அவள் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

இனி என் நண்பர் சொன்ன மூன்றாவது காரியம். ஒரு வயது நிறையும் வரை தூங்கும் குழந்தைக்குப் போர்வை, தலையணை, மெத்தென்ற துணி எதையும் தொட்டிலில் போடக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் கண்டிப்பு. முகத்தில் சரிந்தால் தள்ளிவிட அதற்குத் தெரியாது. அதுவரை போர்வையைத் தரையில் விரித்து, குழந்தை விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குப்புறப் போடுங்கள். தவழும், சதுரத்தைச் சுரண்டும், எச்சில் ஒழுகவிடும். ஒழுகட்டும். பீரோவில் பூட்டி வைக்க இத்தனை தையல் போடவில்லை. எங்கள் பெண் நடுச்சதுரங்களை விட்டுவிட்டு, யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் அனுப்பிய கிளிப்பச்சைக் கட்டத்தைத்தான் எப்போதும் சப்பிக்கொண்டிருந்தாள். நாம் நினைப்பது ஒன்று, அவர்கள் பிடிப்பது ஒன்று.

அவள் பதினெட்டு வயதில் ஒருவேளை அந்தக் கோப்பைக் கேட்கும்போது போர்வையும் இருக்க வேண்டும் இல்லையா? அதற்குத் துணியைவிட நூல் முக்கியம். பாலியெஸ்டர் நூல் அறாது என்று கடைக்காரர் சொல்வார். சரிதான், அது அறாமல் பழைய பருத்தியை அறுத்துவிடக்கூடும். பருத்திக்குப் பருத்தி நூலே போடுங்கள். நூல் போனால் திரும்பத் தைத்துக்கொள்ளலாம், துணி போனால் போனதுதான். பயன்படுத்தாத காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். பழைய மல் துணியில் சுற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் வருஷக் கணக்காக வைத்தால் மடிப்பு விட்டுப்போகும், அவ்வப்போது இடம் மாற்றி மடியுங்கள். ஆல்பத்தைத் தனியாக வேறு பீரோவில் வைப்பது நல்லது. ஒன்றுக்கு ஏதாவது ஆனாலும் மற்றது இருக்கும்.

போர்வையை அவள் அம்மா இன்றைக்கு ஒரு நாள் இரவல் கொடுத்திருக்கிறாள், அதோ அந்த மேசைமேல் இருக்கிறது. புரட்டி அடிப்பக்கத்தையும் பாருங்கள், தையலின் லட்சணம் அங்கேதான் தெரியும். வெளியே காபி தயாராக இருக்கிறது என்று சொல்கிறார்கள். குடிப்பதற்கு முன்னால் வந்து பாருங்கள், குடித்த கையோடு வேண்டாம்.